பதினேழாம் குரல்

முப்பத்தொரு வருட ஆராய்ச்சியில் டாக்டர் எஸ்தர் ஜெபக்கனிக்குக் கிடைத்தது தலை நிறைய வௌவால் எச்சம் மட்டும்தான் என்று அவருடைய கல்லூரியில் ஒரு கேலி உண்டு. அது முழுக்கச் சரியில்லை. மழையோ வெயிலோ இல்லாத விடியலிலும் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டுதான் அவர் மரத்தடியில் உட்காருவார். எச்சம் எல்லாம் குடைக்குத்தான்.

தாமிரபரணிக் கரையில் வெள்ளமருதூர் என்று சின்ன ஊர். ஊருக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டிப் பதினோரு மருத மரங்கள். அவற்றில் ஆறாயிரம் பழந்தின்னி வௌவால்கள். விடிகிற நேரத்துக்கு அவை மேய்ச்சலை முடித்துத் திரும்பி வரும். வந்ததும் தூங்குமா என்றால், அதுதான் இல்லை. முதலில் சண்டை. யார் எந்தக் கிளையில் தொங்குவது, யார் யாரை இடிப்பது, யாருடைய குட்டி யாரிடம் போய் ஒட்டிக்கொண்டது என்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே அமளி. ஊரில் சந்தைக் கடை வைத்தாற்போல் இருக்கும்.

அந்த அமளியைக் கேட்கத்தான் ஜெபக்கனி தினமும் காலை ஆறு மணிக்கு வந்தார். மூன்றாவது மரத்துக்கு எதிரே கிடக்கும் துணி துவைக்கிற கல்லில் உட்காருவார். ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு நோட்டைத் திறப்பார். அதில் எழுதியவற்றை விஞ்ஞானக் குறிப்பு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். 'நான்காம் கிளை. காது கிழிந்தவள் புதியவனைக் கடிக்கிறாள். காரணம்: ஒட்டி உரசித் தொங்கினான்.' 'ஒன்பதாம் கிளை. குட்டி அம்மாவை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்விட்டது. அம்மாவுக்கு ஆத்திரம்.' இப்படி இருநூற்றுப் பதினான்கு நோட்டுகள். துறையில் அவற்றுக்குச் 'சண்டை நோட்டு' என்று பெயர். வெளிநாட்டு ஆய்விதழ்கள் அவர் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்போது ஏறக்குறைய ஒரே வாக்கியத்தை எழுதின: ஆய்வாளருக்குக் கற்பனை அதிகம்.

ஜெபக்கனி அசரவில்லை. தங்கை கல்யாணத்தன்று கூட ஒன்பது மணிக்குத்தான் தேவாலயத்துக்குப் போனார். சேலையில் மருத இலை ஒட்டியிருந்தது. "ஒரே கூட்டத்த முப்பது வருஷமா விடாமப் பாத்தவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான்" என்று யாரிடமும் கூசாமல் சொல்லுவார். கர்வம் பிடித்தவர் என்றார்கள். ஆமாம், பிடித்தவர்தான். அதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன் மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் நிஷா அதே கல்லூரிக்கு வேலைக்கு வந்தாள். கணினிக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மரியாதைக்குக்கூடப் பொய் வராத வாய். ஒலிகளைப் படித்துப் பொருள் சொல்லும் இயந்திரம் ஒன்றை அவள் உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதற்குச் 'செவி' என்று பெயர் வைத்திருந்தாள்.

"வௌவால் சத்தம் உலகம் பூரா கொட்டிக் கெடக்கு மேடம்" என்றாள் முதல் சந்திப்பிலேயே. "ஆனா அந்தச் சத்தம் வந்த நேரத்துல மரத்துல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. வெறுஞ் சத்தத்த வச்சி என் மிஷின் என்னத்தப் படிக்கும்? ஒங்க நோட்டுல மட்டுந்தான் யாரு, யாருகூட, எதுக்காகன்னு இருக்கு. மணி, நிமிஷத்தோட."

"கற்பனை அதிகம்னு சொல்லுவாவளே?"

"சொல்லட்டும். அந்தக் கற்பனைதான் எனக்கு வேணும்."

இருநூற்றுப் பதினான்கு நோட்டுகளையும் முப்பத்தொரு வருட ஒலிப்பதிவையும் செவி நான்கு வருடம் மென்று தின்றது. கடைசியில் எண்பத்து மூன்று குரல்களைப் பிரித்துக் காட்டியது. 'தள்ளிப் போ' ஒரு குரல். 'என் குட்டி எங்கே' ஒரு குரல். 'அத்தி பழுத்திருக்கிறது' ஒரு குரல். புதிதாக ஒரு சண்டையைக் கேட்கக் கொடுத்தால், பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் காரணம் சொன்னது. திருப்பி அனுப்பிய ஆய்விதழ்களே கட்டுரை கேட்டு எழுதின. உலகம் அதை 'ஜெபக்கனி அகராதி' என்று அழைத்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அவருக்குப் பெரிய விருது ஒன்று அறிவிக்கப்பட்டது. அன்று நோட்டுகள் இருந்த அலமாரிக்கு முன்னால் நின்று ஜெபக்கனி அழுதார். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் அழுதார்.

ஆனால் கேட்கத் தெரிந்த இயந்திரத்துக்குப் பேசவும் தெரியும். அங்கேதான் வம்பு வந்தது. செவியைப் பார்த்து வேறு வேறு ஊர்களில் குரங்குக்கும் கிளிக்கும் மயிலுக்கும் அகராதி எழுதினார்கள். எத்தனையோ ஆயிரம் வருடம் கழித்து மனிதனுக்கு மிருகங்களிடம் பேச வாய்த்தது. அவன் முதலில் என்ன சொன்னான்? 'ஆபத்து, ஓடு' என்றான். தோட்டத்திலிருந்து ஓடு, கட்டடத்திலிருந்து ஓடு. அடிக்கவில்லை, சுடவில்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. 'குரல்வழி இடமாற்றம்' என்று அதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

மாசி மாதம், மரம் முழுக்கக் குட்டியும் கையுமாகத் தாய்கள் தொங்கிய நாளில், பாலத் திட்ட அதிகாரி நவநீதன் மருத மரத்தடிக்கு வந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். குடை கொண்டுவரவில்லை. பேசத் தொடங்குவதற்கு முன்பே வெள்ளைச் சட்டையில் இரண்டு இடத்தில் வாங்கிக்கொண்டார்.

"மேடம், பாலம் இந்த இடத்துலதான் வருது. வரைபடம் முடிஞ்சிடுச்சு. ஆனா குட்டியோட இருக்கிற கூட்டத்தை நாங்க தொட முடியாது, சட்டம் இருக்கு. அதுங்களே கிளம்பிப் போயிட்டா பிரச்சினை இல்ல."

"அதுகளா எதுக்குப் போவுது?"

"நீங்க சொன்னா போகுமில்ல?"

ஜெபக்கனி நோட்டை மூடினார். "முடியாதுன்னு சொன்னா?"

"நோட்டும் மிஷினும் உங்க கல்லூரிச் சொத்து. வேற ஆள் வந்து செய்வாங்க. அவங்களுக்கு இந்தக் கூட்டத்தைப் பத்தி என்ன தெரியும்? குரலை எவ்வளவு சத்தமா வைக்கணும், எந்த நேரத்துல வைக்கணும்னு தெரியாது. தாய்ங்க பதறிக் கிளம்புனா குட்டிங்க விழும். அது நடக்க வேணாம்னுதான் உங்ககிட்ட வந்தேன்." நவநீதன் கெட்டவர் அல்ல. கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே மனசாரத்தான் சொன்னார். "மூணு காலை முயற்சி பண்ணணும்னு விதி. மூணுலயும் போகலேன்னா பாலத்தைத் தெற்கே ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் பொட்டல் பக்கம் கொண்டுபோகணும். அதுவும் விதிதான். ஆனா உங்க அகராதி தப்பாதுன்னு உலகமே சொல்லுதே."

ஜெபக்கனி ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுநாள் சம்மதித்தார். யாரோ தெரியாதவன் வந்து அவற்றைப் பயமுறுத்துவதை விட, தானே தாழ்ந்த சத்தத்தில், குட்டிகள் தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

சேதி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலமே ஊராட்சித் தலைவி சுடலைவடிவு அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பவர் டில்லர் வைத்து நாற்பது ஏக்கர் உழுது கொடுப்பவள். குரல் டில்லரை விடப் பெரிசு.

"என்ன டீச்சர், கேள்விப்பட்டது நெசந்தானா? அதுகட்டப் பொய் சொல்லி வெரட்டப் போறியளாமே?"

ஜெபக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டார். சுடலைவடிவு உட்காரவில்லை.

"இந்த ஊர்ல தீவாளிக்கு வெடி கெடையாது. கோயில் கொடைக்கு வேட்டு கெடையாது. கல்யாண ஊர்வலம் இந்தப் பக்கம் வந்தா நாதசுரக்காரரு வாயில இருந்து குழல எடுத்துருவாரு. எம் பிள்ளைக கம்பி மத்தாப்பத் தவிர ஒண்ணும் கண்டதில்ல. எதுக்கு? இந்த வவ்வா பயப்படக் கூடாதுன்னு ஊரு கூடிப் பேசின பேச்சு. நாங்க வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். படிச்சவிய நீங்க வாயத் தெறந்து பொய் சொல்லுதிய."

"பாலம் உங்களுக்கும் வேணுந்தான வடிவு? ஆஸ்பத்திரிக்குச் சுத்திப் போறிய."

"வேணும். யாரு வேண்டாம்னா? பொட்டல் பக்கம் போட்டா ரெண்டு கிலோமீட்டர் நடக்கோம். காலு என்ன தேஞ்சா போவும்?"

ஜெபக்கனி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நோட்டு தன்னுடையது இல்லை என்பதையும், தான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார் என்பதையும் சொன்னார். சுடலைவடிவு கேட்டுக்கொண்டாள். கோபம் தணியவில்லை, ஆனால் திசை மாறியது. புறப்படும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"செய்யணும்னா செய்ங்க. ஆனா அன்னைக்கு நீங்க அந்தக் கல்லுல இருக்கக் கூடாது. எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கெடுதல் செஞ்சா அவிய கண்ணுல படுத மாதிரி நிக்க மாட்டோம். முப்பது வருஷமா பாத்த மொகம். அத வச்சிக்கிட்டு அந்தக் காரியம் செய்யாதிய."

அந்தச் சொல் ஜெபக்கனிக்குச் சுருக்கென்று தைத்தது.

முதல் காலை. மரங்களில் பதினோரு ஒலிபெருக்கிகள். நவநீதனும் நிஷாவும் ஜெபக்கனியும் ஆற்றின் நடுவே, மணல் திட்டில், நாணல் மறைவில் நின்றார்கள். முப்பத்தொரு வருடத்தில், அவர் காய்ச்சலில் படுத்த சில நாளைத் தவிர, அந்த நேரத்துக்குக் காலியாக இருந்திராத துவைக்கிற கல் இன்று காலியாகக் கிடந்தது. மேலே வழக்கமான அமளி. வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகம் என்று ஜெபக்கனிக்குப் பட்டது.

"எந்தக் குரல் மேடம்?" என்றார் நவநீதன்.

"பதினேழு." தன் ஆராய்ச்சியின் முதல் வாரத்திலேயே பிடிபட்ட குரல் அது. அவர் மரத்தடிக்கு வந்ததும் ஒரு கிளையிலிருந்து எழும்பி மரத்துக்கு மரம் தாவும். நோட்டில் அவர் எழுதிய பொருள்: 'ஆபத்து. ஆள் வருகிறது.'

நிஷா பொத்தானைத் தொட்டாள். பதினேழாம் குரல் பதினோரு மரங்களிலிருந்தும் மெல்ல எழுந்தது. ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டார்.

இறக்கைச் சத்தம் கேட்கவில்லை. அமளி அடங்கியது. கண்ணைத் திறந்தபோது தாய்கள் இறக்கையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தன. கடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் பிரிந்து தத்தம் இடத்துக்கு நகர்ந்தன. தினமும் ஒன்றரை மணி நேரமாக மெல்ல மெல்ல அடங்குகிற சண்டை, பதினோரு மரத்திலும் ஒரே நேரத்தில் குரல் எழுந்ததும் இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. ஆறாயிரமும் தூங்கத் தயாராயின.

"சத்தம் பத்தல போல. கொஞ்சம் கூட்டுங்க" என்றார் நவநீதன்.

நிஷா கூட்டினாள். மரங்கள் இன்னும் அமைதியாயின. மூன்றாவது மரத்திலிருந்து மட்டும் ஏழெட்டு வௌவால்கள் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தன. தலைகீழாகத் தொங்கியபடி, காலியாகக் கிடந்த துவைக்கிற கல்லையே பார்த்தன. ஒன்று பறந்து கல்லின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

ஜெபக்கனி கல்லையும் வௌவால்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

அன்று பகல் முழுவதும் அவரும் நிஷாவும் கல்லூரி அறையில் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஜெபக்கனிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தபோது, கருவி மட்டும் பதினெட்டு நாள் மரத்தடியில் தனியாக ஓடியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் மீன்காரர் போனார், ஆடு மேய்ப்பவர் போனார், துணி துவைக்க வந்தவர்கள் வந்தார்கள். பதினேழாம் குரல் ஒரு தடவைகூட இல்லை. பத்தொன்பதாவது நாள் காலை ஆறு மணி எட்டு நிமிடத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் அவர் காய்ச்சல் தீர்ந்து மரத்தடிக்குத் திரும்பியிருந்தார்.

"ஆபத்து இல்ல நிஷா" என்றார் ஜெபக்கனி. "ஆள் வருதுன்னு எழுதினேன். எந்த ஆளுன்னு யோசிக்கல. வேற யாரு வந்தா என்ன சொல்லுதுன்னு பாக்கணும்னா நான் அங்க இருக்கக் கூடாது. நான் இல்லாம நான் எப்படிப் பாப்பேன்? மொத வாரத்துல செஞ்ச தப்பு. முப்பத்தொரு வருஷம் அது மேலேயே குடையப் பிடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"அதுக ஒங்களத்தான் சொல்லிருக்கு மேடம்" என்றாள் நிஷா.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரையில் இன்னொன்றைக் காட்டினாள். ஐம்பத்திரண்டாம் குரல். மொத்தமாக மூன்றே தடவை பதிவாகியிருந்தது. ஒரு தடவை வேட்டைக்காரன் மரம் ஏறினான். ஒரு தடவை மலைப்பாம்பு. மூன்றாவது, போன மாதம் பாலத்துக்கு அளவெடுக்க மரத்தில் ஆணி அடித்தபோது. மூன்று தடவையும் அரை நிமிடத்தில் மரம் காலியாகியிருந்தது. நோட்டில் மூன்று இடத்திலும், ஒன்றிரண்டு தடவை கேட்டதற்குப் பொருள் எழுதாத ஜெபக்கனியின் கையெழுத்தில் ஒரே வரி: 'பொருள் தெரியவில்லை.'

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்பத்திரண்டுக்கு நோட்டுல எழுதினது எழுதினபடி இருக்கட்டும். பதினேழு தப்புன்னு மட்டும் எழுதிக் குடுத்துருவோம்" என்றார் ஜெபக்கனி.

"மேடம், பதினேழு தப்புன்னு எழுதிக் கொடுத்தா அகராதியே தப்புன்னு ஆயிரும். விருது போயிரும். நாலு வருஷம் தூங்காம செஞ்ச என் மிஷினும் சேந்து போவும்."

"தெரியும். அதான் ஒன்ட்ட கேக்கேன். ஒன் பேரும் அதுல இருக்கு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

நிஷா திரையில் ஐம்பத்திரண்டை மூடினாள். "எனக்கு இன்னும் வயசு இருக்கு. வேற ஏதாவது செஞ்சிக்கிடுதேன். எம் பிள்ளைக நாளைக்கு, வௌவாலுக்கு மனுஷன் சொன்ன மொதச் சொல்லு என்னன்னு கேட்டா, எனக்குப் பொய் சொல்ல வராது."

இரண்டாம் காலையும் மூன்றாம் காலையும் அதே பதினேழாம் குரலோடு விதிப்படி நடந்தன. மரங்கள் விதிப்படி தூங்கின. மூன்றாம் நாள் நவநீதன் அறிக்கைக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மணல் திட்டில் உட்கார்ந்தார்.

"பதினேழு ஆபத்து இல்ல, புரியுது. ஆனா ஆபத்துக்குன்னு ஒரு குரல் இருக்கத்தானே வேணும்? உயிருள்ள எதுக்கும் அது இருக்குமே மேடம். எது அது?"

ஜெபக்கனி இருபத்தெட்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். அன்றிலிருந்து ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஒன்றும் நடக்காத நாளில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றுதான் எழுதினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த வாய் இப்போது திறந்தது.

"தெரியாது" என்றார்.

நவநீதன் அவரையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, ஆணி அடித்த தழும்பு இன்னும் ஆறாத மருத மரத்தைப் பார்த்தார். அளவெடுத்த அன்று அவரும் அங்கே இருந்தவர்தான். ஆறாயிரம் வௌவால்கள் ஒரே நேரத்தில் எழும்பியதைக் கண்டவர்தான்.

"சரி. தெரியாதுன்னே எழுதிக்கிறேன்" என்றார். பேனா மூடியைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அறிக்கையின் கடைசி வரி: 'ஜெபக்கனி அகராதி இக்கூட்டத்தைப் பொறுத்தவரை நம்பத்தக்கதல்ல.' அதன் கீழே ஜெபக்கனி கோணாமல் கையெழுத்துப் போட்டார். பாலம் பொட்டலுக்குப் போனது. விருதுக் குழு மிகுந்த வருத்தத்துடன் ஒரு கடிதம் எழுதியது. வழியனுப்பு விழாவில், முதல் குரலையே தப்பாகக் கேட்டவர் என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தது மேடை வரைக்கும் கேட்டது. ஜெபக்கனி மாலையும் கழுத்துமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நிமிர்ந்து அவர் எந்த மேடையிலும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் அவருக்குக் கல்லூரி இல்லை, சம்பள நாள் இல்லை, எங்கேயும் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆறு மணிக்குக் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வெள்ளமருதூருக்குப் போனார். நிஷா கூட வந்தாள். ஆற்றங்கரைப் பாதையில் சுடலைவடிவு டில்லரை நிறுத்தி அணைத்துவிட்டு, அவர்கள் கடந்து போகும் வரை காத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மரத்தடி நெருங்கியது. மேலே ஒரே அமளி. ஜெபக்கனி கல்லின் பக்கம் திரும்பினார். மூன்றாவது மரத்தில் ஒரு குரல் எழுந்தது. நான்காவது மரம் அதை வாங்கிக்கொண்டது, அப்புறம் ஐந்தாவது. பதினோரு மரத்துக்கும் பரவி, கடைசி மரத்தில் போய் அடங்கியது. சண்டைகள் மெல்ல ஓயத் தொடங்கின.

நிஷா கைப்பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது கல்லூரிச் சொத்து இல்ல மேடம். பதினேழுக்கு நேரா இருந்த பழையத அடிச்சாச்சு. புதுசா என்ன எழுதணும்?"

ஜெபக்கனி கல்லில் உட்கார்ந்து குடையை விரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, முப்பத்தொரு வருடமாக எழுதிய அதே கையெழுத்தில், தேதியும் மணியும் நிமிடமும் போட்டு எழுதினார்.

'பதினேழு. பொருள்: டீச்சர் வந்தாச்சு. இனித் தூங்கலாம்.'